சுருக்கிய கோப்பு எந்த வகை என்று பைட்டைப் பார்த்துச் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்ஸ்டென்ஷன் இல்லாத கோப்பு, பெயர் ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக இருக்கும் கோப்பு, "இது சரியான ஆர்கைவ் இல்லை" என்று மென்பொருள் கைவிரித்துவிட்ட கோப்பு. இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு விழிப்பவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம். கோப்பின் முதல் சில பைட்டுகள் ஒரு வகையின் பெயரைச் சொல்லும். அது சரிதானா என்று அடுத்து வரும் பைட்டுகளைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பலர் முதல் வேலையோடு நிறுத்திவிடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

அடையாள பைட்டுகள் என்றால் என்ன?

ஒரு கோப்பு வகையை வடிவமைப்பவர்கள், அந்த வகையில் எழுதப்படும் ஒவ்வொரு கோப்பிலும் குறிப்பிட்ட இடத்தில், பெரும்பாலும் தொடக்கத்திலேயே, மாறாத சில பைட்டுகளை வைக்கிறார்கள். நிரலர்கள் இதை மேஜிக் நம்பர் என்பார்கள். திறக்கும் மென்பொருள் முதலில் இதைப் பார்த்து, நம் வகைதான் என்று தெரிந்த பிறகே மீதியைப் படிக்கும். இரண்டு பைட்டில் முடியும் அடையாளமும் உண்டு, எட்டு ஒன்பது பைட் நீளமானதும் உண்டு.

எக்ஸ்டென்ஷன்தான் இருக்கிறதே, இது எதற்கு?

எக்ஸ்டென்ஷன் கோப்பின் பெயரில் ஒரு பகுதி, அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் மாற்றலாம். மின்னஞ்சல் வடிகட்டியைத் தாண்டுவதற்காக மாற்றுவார்கள், பதிவிறக்கும்போது தானாகவே உதிர்ந்தும் போகும். அழிந்த வட்டிலிருந்து மீட்ட கோப்புகளில் பெயரே மிஞ்சியிருக்காது. உள்ளே இருக்கும் பைட் பெயரை மாற்றினாலும் மாறாது.

பைட்டுகளை எப்படிப் பார்ப்பது? இங்கே ஏன் பதின்ம எண்ணில் தருகிறீர்கள்?

ஏதாவது ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் மென்பொருள்) கோப்பைத் திறந்தால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். விண்டோஸில் பவர்ஷெல், லினக்ஸிலும் மேக்கிலும் டெர்மினல் இருந்தால் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை. பைத்தான் தெரிந்தவர்கள் கோப்பை பைனரியாகத் திறந்து, முதல் 16 பைட்டைப் படித்து, அதைப் பட்டியலாக மாற்றிப் பாருங்கள். 0 முதல் 255 வரையிலான எண்களாக வந்து நிற்கும்.

அந்த எண்களைத்தான் கீழே தந்திருக்கிறேன். ஹெக்ஸ் எடிட்டர் பதினாறடிமானத்தில் காட்டும். பல எடிட்டர்களில் பதின்மத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் முதல் இலக்கத்தை 16ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டிக்கொள்ளுங்கள் (இலக்கத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து இருந்தால் ஏ 10, பி 11 என்று எஃப் 15 வரை). ஹெக்ஸில் 50 என்று தெரிவது இங்கே 80.

அடிக்கடி கண்ணில் படும் வகைகளுக்கு என்ன எண்கள்?

ஜிப்: 80 75 3 4
ஜிஜிப்: 31 139 8
பிஜிப்2: 66 90 104
எக்ஸ்இசட்: 253 55 122 88 90 0
7-ஜிப்: 55 122 188 175 39 28
ரார், பழைய வடிவம்: 82 97 114 33 26 7 0
ரார் 5: 82 97 114 33 26 7 1 0
இசட்-ஸ்டாண்டர்ட்: 40 181 47 253
எல்இசட்4: 4 34 77 24
எல்ஜிப்: 76 90 73 80
மைக்ரோசாஃப்ட் கேப்: 77 83 67 70
யூனிக்ஸின் பழைய கம்ப்ரெஸ்: 31 157

அன்றாடம் கைக்கு வருவதில் பெரும்பகுதி இதில் அடங்கிவிடும். டாஸ் காலத்து ஏஆர்ஜே 96 234 என்று தொடங்கும். அதே காலத்து எல்எச்ஏ கொஞ்சம் விசித்திரம்: முதல் இரண்டு பைட் மாறிக்கொண்டே இருக்கும், மூன்றாவது பைட்டிலிருந்துதான் 45 108 104 என்று அடையாளம் தொடங்கும். அதற்கடுத்த எண் சுருக்கும் முறையைச் சொல்லும், பிறகு இன்னொரு 45 வந்து மூடும்.

ஜிப்பில் 80 75-க்குப் பிறகு சில சமயம் வேறு எண்கள் வருகின்றனவே?

80, 75 இரண்டும் ஆங்கில எழுத்துகளான பி, கே. 1989-இல் பிகேஜிப்பை வெளியிட்ட ஃபில் காட்ஸின் பெயர்ச் சுருக்கம். ஜிப்புக்குள் இருக்கும் முக்கியமான தலைப்புகள் எல்லாமே இந்த இரண்டு எழுத்தில்தான் தொடங்கும், அடுத்த இரண்டு பைட் அது எந்தத் தலைப்பு என்று சொல்லும். 3 4 என்றால் ஒரு கோப்பின் முன்தலைப்பு. 1 2 என்றால் மையப் பட்டியலில் ஒரு பதிவு. 5 6 என்றால் பட்டியல் முடிந்தது என்ற குறி.

ஆகவே உள்ளே ஒன்றுமே இல்லாத ஜிப் 80 75 5 6 என்று தொடங்கும், மொத்த நீளமே 22 பைட்தான். இது பழுதான கோப்பு இல்லை. வெறும் 3 4-ஐ மட்டும் சோதிக்கும் நிரல்கள் இந்தக் காலி ஜிப்பைத் தவறாக நிராகரித்துவிடும். முதலில் 80 75 7 8 இருந்தால், பல துண்டாகப் பிரித்த ஜிப்பின் முதல் துண்டு. பிரிக்கத் தொடங்கி ஒரே துண்டில் முடிந்துவிட்டால் 80 75 48 48 என்று நிற்கும்.

3 4-க்குப் பின்னாலும் கொஞ்சம் படியுங்கள். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 8, 9ஆவது இடங்களில் சுருக்கும் முறை இருக்கிறது. 8 0 என்றால் வழக்கமான டிஃப்ளேட். 0 0 என்றால் சுருக்காமல் அப்படியே வைத்தது. 12 பிஜிப்2, 14 எல்இசட்எம்ஏ, 93 இசட்-ஸ்டாண்டர்ட். "ஜிப் என்றுதான் தெரிகிறது, ஆனால் என் பழைய மென்பொருள் திறக்க மாட்டேன் என்கிறது" என்ற புகாருக்குப் பல சமயம் இந்த இரண்டு பைட்தான் காரணம்.

என் வேர்ட் ஆவணத்தையும் ஜிப் என்று காட்டுகிறதே, தவறா?

தவறில்லை, அது ஜிப்தான். புதிய வேர்ட், எக்செல் கோப்புகள், லிப்ரேஆபீஸின் ஆவணங்கள், இபப் மின்னூல், ஜாவாவின் ஜார், ஆண்ட்ராய்டு ஏபிகே எல்லாமே ஜிப் பெட்டிக்குள்தான் வாழ்கின்றன. முதல் நான்கு பைட்டை வைத்து இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது.

எப்படிப் பிரிப்பது? ஜிப்பில் கோப்பின் முன்தலைப்பு சரியாக 30 பைட், அதையடுத்து அந்தக் கோப்பின் பெயர் வரும். இபப்பிலும் லிப்ரேஆபீஸ் ஆவணத்திலும் முதல் கோப்பின் பெயர் 'மைம்டைப்' என்று இருக்க வேண்டும், அதைச் சுருக்கவும் கூடாது என்பது விதி. அதனால் 30ஆவது இடத்திலிருந்து எட்டு எழுத்தில் அந்தப் பெயர் தெரியும், 38ஆவது இடத்திலிருந்து ஆவணத்தின் வகை வெறும் எழுத்தாகவே படிக்கக் கிடைக்கும். அடையாள பைட் சோதனை ஜிப்பைத் தாண்டியும் வேலை செய்யட்டும் என்றே போட்ட விதி அது. இன்னும் நான்கு வகைகளாவது இதைப் பின்பற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேர்டில் இந்த வசதி இல்லை. உள்ளே இருக்கும் கோப்புப் பெயர்களைப் பட்டியலிட்டு, 'வேர்ட்' என்ற ஃபோல்டர் இருக்கிறதா, எக்செல்லுக்கான 'எக்ஸ்எல்' இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஜிஜிப் கோப்பின் தலைப்பிலிருந்து வேறு என்னவெல்லாம் தெரியும்?

நிறைய. எனக்கு மிகப் பிடித்த தலைப்பு இதுதான், பத்தே பைட்டில் அவ்வளவு சொல்லிவிடும். ஒன்றை எடுத்துப் பார்ப்போம்:

31 139 8 8 0 241 83 101 0 3

முதல் இரண்டும் அடையாளம். மூன்றாவதாக வரும் 8 டிஃப்ளேட் முறை. நடைமுறையில் இங்கே வேறு எண் வருவதில்லை என்பதால் மூன்றையும் சேர்த்தே அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம். நான்காவது பைட் கொடிகள், அதாவது கூடுதலாக என்னென்ன இருக்கிறது என்ற குறிகள்: 8 என்றால் மூலக் கோப்பின் பெயர் உள்ளே இருக்கிறது. அடுத்த நான்கும், 0 241 83 101, கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரம். சிறிய இலக்கம் முதலில் வரும் வரிசை என்பதால் பின்னாலிருந்து சேர்க்க வேண்டும். சேர்த்தால் 1700000000 வரும். 1970 ஜனவரி 1 முதல் அத்தனை வினாடிகள், அதாவது 2023 நவம்பர் 14, உலகப் பொது நேரப்படி இரவு 10 மணி 13 நிமிடம் 20 வினாடி. கடைசியில் உள்ள 3, இது யூனிக்ஸ் வகைக் கணினியில் உருவானது என்கிறது. 11 இருந்தால் விண்டோஸின் என்டிஎஃப்எஸ், 255 இருந்தால் 'தெரியாது'.

நான்காவது பைட் 8 என்பதால் பத்து பைட் முடிந்த கையோடு பெயர் தொடங்கும், ஒரு பூஜ்யத்தில் முடியும். கோப்பின் பெயரை யாரோ மாற்றிவிட்டாலும் பழைய பெயர் உள்ளே அப்படியே கிடக்கும். துப்பறிய நல்லது. கோப்பை வெளியாருக்கு அனுப்புகிறவர்களுக்கு அவ்வளவு நல்லதில்லை.

கோப்பின் கடைசி நான்கு பைட்டில் விரித்த பிறகு வரும் அளவு இருக்கும். 4 ஜிபியைத் தாண்டினால் அந்த எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து சுற்றிவரும், அப்போது அதை நம்பாதீர்கள்.

பிஜிப்2-இல் பை (π) எண் இருக்கிறது என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். 66 90 104-க்கு அடுத்த பைட் 49 முதல் 57 வரை, அதாவது '1' முதல் '9' வரையிலான எழுத்து. ஒரு தொகுதியில் எத்தனை லட்சம் பைட் என்பதைச் சொல்கிறது. அதற்கடுத்து ஆறு பைட். இவற்றை மட்டும் ஹெக்ஸில் பாருங்கள்: 31 41 59 26 53 59. பள்ளியில் படித்த 3.14159265359 அப்படியே வரிசையாக நிற்கிறது. ஒவ்வொரு தொகுதியும் இந்த எண்ணோடுதான் தொடங்கும். கோப்பு முடிவதைக் காட்ட 17 72 45 38 50 90 என்று ஹெக்ஸில் வரும், அது பையின் வர்க்கமூலம். உருவாக்கிய ஜூலியன் சீவர்டின் குறும்பு.

குறும்புக்கு ஒரு பயனும் உண்டு. முதல் மூன்று பைட் தற்செயலாக எங்காவது வரலாம். அதையடுத்து ஓர் இலக்கமும் பை எண்ணும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். முன்பக்கம் சிதைந்த கோப்பிலும் இந்த ஆறு பைட்டைத் தேடிப் பிடித்து மீதித் தொகுதிகளை மீட்க முடியும். ஆனால் இரண்டாவது தொகுதியிலிருந்து அது பைட் எல்லையில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பிட் பிட்டாக நகர்த்தித் தேட வேண்டியிருக்கும். சாதாரண ஹெக்ஸ் தேடலில் சிக்காது.

டார் கோப்பின் தொடக்கத்தில் அடையாளம் எதுவும் தெரியவில்லையே?

டாரில் முதலில் வருவது உள்ளிருக்கும் கோப்பின் பெயர்தான். அடையாளம் தள்ளி, 257ஆவது இடத்தில் இருக்கிறது: 117 115 116 97 114. அதன்பின் 0 48 48 என்று வந்தால் போசிக்ஸ் தரத்தின்படி எழுதியது, 32 32 0 என்று வந்தால் குனு டாரின் பழைய பாணி. இன்னும் பழைய யூனிக்ஸ் டாரில் இந்த ஐந்து எழுத்தும் கிடையாது. அங்கே ஒரே வழி, 148ஆவது இடத்திலுள்ள சரிபார்ப்புத் தொகையை (தலைப்பின் பைட்டுகளைக் கூட்டிய எண்) கணக்கிட்டுப் பொருந்துகிறதா என்று பார்ப்பது.

இன்னொரு விஷயம். டார் பொட்டலம் மட்டும்தான் கட்டும், சுருக்காது. அதை ஜிஜிப்போ எக்ஸ்இசட்டோ சுருக்கிவிட்டால் வெளியே தெரிவது அவற்றின் அடையாளம் மட்டுமே. உள்ளே டார் இருக்கிறதா என்று அறிய முதல் 512 பைட் அளவுக்காவது விரித்துப் பார்த்தாக வேண்டும். வெளிப் பைட்டை மட்டும் பார்த்து "இது டார் ஜிஜிப்" என்று யாராவது சொன்னால், அவர் ஊகிக்கிறார்.

ரார் கோப்பில் 26 என்ற எண் எதற்கு?

82 97 114 33 என்பது 'ரார்!' என்ற எழுத்துகள். டாஸ் காலத்தில் 26 என்பது உரைக் கோப்பின் முடிவைக் குறித்தது. யாராவது தெரியாமல் கோப்பைத் திரையில் உரையாகக் காட்டச் சொன்னால், நான்கு எழுத்தோடு நின்றுவிடும். திரை முழுக்கக் குப்பை ஓடாது. 7 0-வுக்குப் பதில் 7 1 0 என்று வந்தால் ரார் 5. 2013-க்கு முந்தைய மென்பொருளுக்கு அது புரியாது. "ரார்தான், ஆனால் திறக்கவில்லை" என்றால் முதலில் ஏழாவது பைட்டைப் பாருங்கள்.

இசட்-ஸ்டாண்டர்ட், எல்இசட்4 ஆவணங்களில் எண் தலைகீழாக இருக்கிறதே?

அவற்றின் விவரக் குறிப்புகள் அடையாளத்தை ஒரே 32 பிட் எண்ணாக எழுதுகின்றன. கோப்பில் சிறிய பைட் முதலில் போய் உட்காரும். குறிப்பில் 253 47 181 40 என்ற வரிசை, கோப்பில் 40 181 47 253. சொந்தமாகச் சோதனை நிரல் எழுதுகிறவர்கள் முதலில் சறுக்கும் இடம் இது.

இசட்-ஸ்டாண்டர்ட் கோப்பு 80 முதல் 95 வரை ஏதோ ஓர் எண், பிறகு 42 77 24 என்றும் தொடங்கலாம். அது தாண்டிப்போக வேண்டிய துண்டு, எல்இசட்4-க்கும் பொது. அதற்கடுத்து நான்கு பைட்டில் எவ்வளவு தூரம் தாண்ட வேண்டும் என்று இருக்கும். தாண்டிய பிறகே உண்மையான அடையாளம்.

அடையாளமே இல்லாத சுருக்க வகைகள் உண்டா?

உண்டு, தலைவலி தருவதும் அவைதான். ப்ராட்லிக்கு அடையாளம் கிடையாது. வெறும் டிஃப்ளேட் ஓட்டத்துக்கும் கிடையாது. விரித்துப் பார்த்து, தடங்கலில்லாமல் முடிகிறதா என்று பார்ப்பது தவிர வழியில்லை.

பழைய எல்இசட்எம்ஏ கோப்பு பெரும்பாலும் 93 0 0 என்று தொடங்குவதைப் பார்த்து அதை அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 93 என்பது மூன்று அமைப்புகளை ஒரே பைட்டில் மடித்து வைத்தது. வழக்கமான மதிப்புகள் 3, 0, 2. கணக்கு (2 × 5 + 0) × 9 + 3. அமைப்பை மாற்றினால் எண்ணும் மாறும். அடுத்த நான்கு பைட் அகராதியின் அளவு, அதற்கடுத்த எட்டு பைட் விரித்த அளவு. அந்த எட்டும் 255 ஆக இருந்தால் 'அளவு முன்கூட்டித் தெரியாது' என்று பொருள். 93 0 0-ஐயும் எட்டு 255-ஐயும் சேர்த்துக் கண்டால் ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

இசட்லிப் ஓட்டம் இரண்டுங்கெட்டான். 120 1, 120 94, 120 156, 120 218 என்று நான்கு ஜோடிகள் அடிக்கடி வரும். இங்கே அழகான சோதனை ஒன்று இருக்கிறது: முதல் பைட்டை 256ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் 31ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 120 × 256 + 156 = 30876, அதாவது 31 × 996. வகுபடாவிட்டால் இசட்லிப் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். வகுபட்டால், இருக்கலாம் என்று மட்டுமே சொல்லலாம்.

பதிவிறக்கிய ஜிப்பைத் திறக்க முடியவில்லை. 60 33 என்று தொடங்குகிறது. இது என்ன வகை?

ஆர்கைவே இல்லை. 60 என்பது '<' குறி. 60 33 68 79 அல்லது 60 104 116 109 என்று தொடங்கினால் நீங்கள் சேமித்தது ஒரு வலைப்பக்கம். உள்நுழையச் சொல்லும் பக்கமோ, 'கோப்பு இல்லை' என்ற அறிவிப்போ ஜிப் என்ற பெயரில் வந்து உட்கார்ந்திருக்கும். கோப்பின் அளவு சில கேபி மட்டும் இருப்பதே முதல் தடயம். உரை எடிட்டரில் திறந்து படியுங்கள், காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

வெறும் பூஜ்யமாக இருந்தால், பதிவிறக்கும் மென்பொருள் இடத்தை மட்டும் ஒதுக்கிவிட்டுத் தரவை எழுதாமல் நின்றிருக்கிறது. 72 52 115 73 என்று தொடங்கினால் யாரோ ஜிஜிப்பை பேஸ்64 எழுத்தாக மாற்றியிருக்கிறார்கள். ஜிப்பாக இருந்தால் 85 69 115 68. திருப்பி மாற்றினால் நல்ல கோப்பு கிடைத்துவிடும்.

என் ஜிஜிப் கோப்பு 31 139 8 என்று தொடங்கவில்லை, 31 239 191 189 8 என்று தொடங்குகிறது. சரிசெய்ய முடியுமா?

வருத்தமான பதில்: முடியாது. இது எங்கேயோ வழியில் உரையாகப் படிக்கப்பட்டு யுடிஎஃப்-8 ஆக (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) மறுபடி எழுதப்பட்ட கோப்பு. 139 என்ற பைட் தனியாக நின்றால் யுடிஎஃப்-8-இல் செல்லாது. செல்லாத ஒவ்வொரு பைட்டுக்கும் பதிலாக 239 191 189 என்ற ஒரே மாற்றுக் குறியைப் போட்டுவிடுவார்கள். உள்ளே செல்லாமல் போன பைட்டுகள் எல்லாம் இப்படியே ஒரே குறியாகிவிட்டதால், எது எதுவாக இருந்தது என்று கண்டுபிடிக்க வழி கிடையாது. மூலத்திலிருந்து மறுபடி எடுங்கள், இந்த முறை பைனரியாக.

இதற்கு நெருங்கிய உறவான 31 194 139 8 என்ற தொடக்கத்துக்கு வழி இருக்கிறது. அங்கே ஒவ்வொரு பைட்டையும் லத்தீன்-1 எழுத்தாக நினைத்து யுடிஎஃப்-8-க்கு மாற்றியிருக்கிறார்கள். தகவல் எதுவும் தொலையவில்லை. எதிர்த்திசையில் மாற்றினால் பழைய கோப்பு திரும்பிவிடும்.

இதே விபத்து ஜிப்புக்கு நடந்தால் என்ன ஆகும் தெரியுமா? 80, 75, 3, 4 நான்குமே 128-க்குக் கீழே. ஆகவே அடையாளம் ஒரு கீறல்கூட இல்லாமல் பிழைத்துக்கொள்ளும், உள்ளே மட்டும் நாசமாகியிருக்கும். அடையாளம் சரியாக இருப்பதால் கோப்பும் நன்றாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உள்ளே 239 191 189 திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடிப் பாருங்கள்.

இந்த ஆபத்தை முன்கூட்டியே யோசித்த வடிவமைப்பாளர்களும் உண்டு. எல்ஜாப் கோப்பு 137 76 90 79 0 13 10 26 10 என்று தொடங்கும், பிஎன்ஜி படத்தின் அடையாளமும் இதே பாணி. 137 என்ற பெரிய எண், எட்டாவது பிட் தொலைந்தால் காட்டிக்கொடுக்கும். 13 10 என்ற ஜோடியும் கடைசியில் தனியாக நிற்கும் 10-உம், வரிமுறிவை யாராவது மாற்றியிருந்தால் காட்டிக்கொடுக்கும்.

77 90 என்று தொடங்குகிறது, ஆனால் ஆர்கைவ் என்கிறார்கள்?

77 90 விண்டோஸில் இயங்கும் கோப்பு. தானே விரியும் ஆர்கைவ்கள் இப்படித்தான் இருக்கும்: முன்னால் சிறிய நிரல், பின்னால் ஜிப், ரார் அல்லது 7-ஜிப். நடுவில் அவற்றின் அடையாளத்தைத் தேடினால் கிடைக்கும். பெரும்பாலான ஆர்கைவ் மென்பொருள்கள் அந்த நிரலை இயக்காமலே உள்ளடக்கத்தைத் திறந்து காட்டும். தெரியாத இடத்திலிருந்து வந்ததை அப்படித் திறப்பதே நல்லது.

ஜிப்பின் விஷயத்தில் இன்னொன்று. ஜிப்பைப் படிக்கும் மென்பொருள் உண்மையில் பின்னாலிருந்து தொடங்கும்: கடைசி 22 பைட்டில், அல்லது குறிப்புரை இருந்தால் அதற்கு முன்னால் 65535 பைட் வரை போய், 80 75 5 6-ஐத் தேடும். அதனால் ஒரு ஜேபெக் படத்தின் வாலில் ஜிப்பை ஒட்டினால், படம் காட்டும் மென்பொருளுக்கு அது படம், ஆர்கைவ் மென்பொருளுக்கு அது ஜிப். இரண்டுமே சரி.

கடவுச்சொல் போட்டிருக்கிறதா என்று பைட்டிலேயே தெரியுமா?

ஜிப்பில் தெரியும். 6ஆவது இடத்திலுள்ள பைட் ஒற்றைப்படை எண் என்றால் அந்தக் கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது. 8ஆவது இடத்தில் 99 இருந்தால் ஏஇஎஸ் முறை. மற்ற வகைகளில் தலைப்பை இன்னும் ஆழமாகப் படிக்க வேண்டும். எப்படியிருந்தாலும் ரார், 7-ஜிப் இரண்டிலும் கோப்புப் பெயர்களைச் சேர்த்துப் பூட்டினாலும் முதல் அடையாளம் திறந்தேதான் இருக்கும்.

துண்டு துண்டாக வந்த கோப்பில் முதல் துண்டில் மட்டும் அடையாளம் இருக்கிறதே?

வெறுமனே வெட்டிய துண்டுகள் (001, 002 என்று எண்ணிட்டவை) அப்படித்தான் இருக்கும்; இரண்டாவது துண்டிலிருந்து பார்ப்பதற்கு எதுவுமில்லை. வரிசையாக ஒட்டினால் போதும். ரார் மென்பொருளே பிரித்த துண்டுகளோ ஒவ்வொன்றும் தன் அடையாளத்தோடு வரும்.

வட்டு முழுவதும் அடையாளத்தைத் தேடினால் ஏகப்பட்ட போலிகள் சிக்குகின்றனவே?

எதிர்பார்க்க வேண்டியதுதான். தற்செயலான பைட்டுகள் நிரம்பிய 1 ஜிபியில், அதாவது 107 கோடிச் சொச்சம் பைட்டில், இரண்டு பைட் அடையாளம் ஒன்று சராசரியாக 16384 முறை தானாகவே வரும். மூன்று பைட் என்றால் 64 முறை. நான்கு பைட் என்றால் நான்கு ஜிபிக்கு ஒரு முறை. ஏற்கெனவே சுருக்கிய தரவு கிட்டத்தட்ட தற்செயலானதாகவே தெரியும் என்பதால் இந்தக் கணக்கு நடைமுறைக்கும் பொருந்தும். ஆகவே 31 139 8 சிக்கியதும் குதிக்காமல், அடுத்த கொடி பைட் 32-க்குக் கீழே இருக்கிறதா, நேரம் நம்பும்படி இருக்கிறதா, பத்தாவது பைட் தெரிந்த எண்ணா என்று பாருங்கள். 64-இல் பெரும்பாலானவை அங்கேயே உதிர்ந்துவிடும்.

இதையெல்லாம் கையால் செய்ய வேண்டுமா?

வேண்டாம். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் 'ஃபைல்' என்ற கட்டளை இருக்கிறது. முதல் வடிவம் 1973-லேயே வந்துவிட்டது. இன்று லினக்ஸில் இருப்பது இயன் டார்வின் 1980-களில் எழுதியதிலிருந்து வளர்ந்தது. பெரிய அடையாளப் பட்டியலோடு ஒப்பிட்டு வகையைச் சொல்லும். உள்ளே விரித்துப் பார்க்கவும் அதற்கு ஒரு விருப்பத் தேர்வு உண்டு. ஆவணக் காப்பகங்களில் வேலை செய்பவர்கள் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் ப்ரோனம் பட்டியலையும், அதை வைத்து இயங்கும் டிராய்டு மென்பொருளையும் பயன்படுத்துகிறார்கள்.

அந்தக் கட்டளை வெறுமனே 'டேட்டா' என்று பதில் சொன்னால் தெரிந்த அடையாளம் எதுவும் இல்லை என்று அர்த்தம். அடையாளமில்லாத வகையாக இருக்கலாம், முழுக்க மறையாக்கம் செய்ததாக இருக்கலாம், முன்பக்கம் சிதைந்ததாகவும் இருக்கலாம். அப்போதுதான் ஹெக்ஸ் எடிட்டரும் இந்தப் பக்கமும் கைகொடுக்கும்.

என் இணையதளத்தில் பதிவேற்றும் கோப்புகளை இந்தச் சோதனையை மட்டும் வைத்து ஏற்கலாமா?

கூடாது. நான்கு பைட்டை முன்னால் ஒட்டுவது யாருக்கும் ஒரு நிமிட வேலை. அடையாளம் பொருந்தாததை நிராகரிக்க இது நல்ல வடிகட்டி. பொருந்தியதைப் பாதுகாப்பானது என்று சொல்ல இதற்குத் தகுதி இல்லை. உண்மையிலேயே விரித்துப் பாருங்கள், அதுவும் தனியாகப் பிரித்த சூழலில். விரியும் அளவுக்கு உச்சவரம்பு வையுங்கள், ஏனென்றால் சில கேபி ஜிப் பல ஜிபியாக வீங்க முடியும். உள்ளிருக்கும் பெயர்களில் மேல் ஃபோல்டருக்கு ஏறும் இரட்டைப் புள்ளி (..) இருந்தால் நிராகரியுங்கள்.

அடையாளம் மட்டும் அழிந்திருந்தால் சரியான எண்களை எழுதிச் சரிசெய்யலாமா?

முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு தாராளமாக முயலலாம். ஜிப்பில் வெற்றி வாய்ப்பு அதிகம், ஏனென்றால் கடைசியில் இருக்கும் மையப் பட்டியலில் எல்லாக் கோப்புகளின் பெயரும் இடமும் மறுபடி எழுதப்பட்டிருக்கும். ஜிஜிப்பில் பத்து பைட் தலைப்பையும் புதிதாக எழுதலாம்: 31 139 8-க்குப் பிறகு ஏழு பூஜ்யம் போதும். ஆனால் பழைய தலைப்பில் கோப்புப் பெயர் இருந்திருந்தால், அந்தப் பெயரையும் அதன் முடிவிலுள்ள பூஜ்யத்தையும் நீக்கிவிட்டுத் தரவை நேரடியாக ஒட்ட வேண்டும்.

7-ஜிப் கடினம். அதன் தலைப்பு 32 பைட். முதல் ஆறு அடையாளம், பிறகு இரண்டு பைட் பதிப்பு, அதையடுத்து மீதி 20 பைட்டுக்கான சரிபார்ப்புத் தொகை. அந்த இருபதும்தான் கோப்பின் வாலிலுள்ள உண்மையான பட்டியல் எங்கே, எவ்வளவு நீளம் என்று சொல்கின்றன. முதல் ஆறு மட்டும் அழிந்திருந்தால் எழுதிவிட்டுத் திறந்துவிடலாம். பதிவிறக்கம் பாதியில் அறுந்து வாலே இல்லாத கோப்பு என்றால், முன்னால் எத்தனை அழகாக 55 122 188 175 39 28 இருந்தாலும் பட்டியல் வராது. பதிவிறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.